கருப்புப் பூனை குறித்து ஓர் ஆட்சேபம்

1

விதி எட்டு: "பட்டியலில் உள்ள ஒரு பாதையின் அடையாளம் குறித்து உறுப்பினர் எவரேனும் ஆட்சேபம் தெரிவித்தால், நிர்வாகி மூன்று நாட்களுக்குள் பதில் அளிப்பார்."

மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்னுடையது. 'அளிப்பார்' என்று இருக்கிறது, 'அளிக்கலாம்' என்று இல்லை. கருவூலத்தில் காலம் தள்ளிய நமக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பேருடைய ஓய்வூதியம் மாட்டிக்கொண்டு நின்றது என்று தெரியும். எனவே என் ஆட்சேபத்துக்கு மூன்று நாட்களுக்குள் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு இந்த ஆண்டும் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லிச் செயலாளர் கேட்டிருந்தார். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலை அழகைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதைப் போன மலரிலேயே எழுதியாகிவிட்டது. தேயிலை அப்படியேதான் இருக்கிறது. இந்த முறை பாறை.

2

பிரிஞ்சாங்கிலிருந்து சற்று மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணியாளர் குடியிருப்பில், மகன் செந்தில் வீட்டில் நானும் என் மனைவி விசாலமும் இருக்கிறோம். வந்து ஏழு ஆண்டுகள் இந்த மாதம் நிறைகின்றன. செந்தில் தொழிற்சாலையில் அதிகாரி. வாட வைத்த இலையின் வாசனையோடு வருவான், சாப்பிடுவான், கைபேசியைப் பார்ப்பான். எதைக் கேட்டாலும் "நந்தி லா பா" என்பான். 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கு மலாய். பேத்தி யாழினிக்குப் பதினோரு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் மலாயில் பதில் சொல்லிக் கடைசியில் 'தாத்தா' என்று சேர்ப்பாள். வாக்கியத்தில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட தமிழ் அந்த ஒரு சொல்தான். குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சொல் தவறாமல் வருகிறது.

என் மலாய் முழுக்க முழுக்கக் குடிநுழைவுத் துறையின் படிவங்களில் கற்றது. ஆண்டுதோறும் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வரிசையில் உட்கார்ந்து சுவரில் இருக்கும் அறிவிப்புகளையும் கையில் இருக்கும் தாளையும் படித்துப் படித்து ஒரு மொழியைக் கற்றேன். விளைவு, இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி விலை கேட்டால்கூட, 'விண்ணப்பதாரராகிய நான் தங்கள் விலையை அறியப் பணிவுடன் கோருகிறேன்' என்கிற தொனியில்தான் வாயில் வருகிறது. கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நாள் முழுவதும் வேலை என்று எதுவும் இல்லை. காலையில் மூடுபனி விலகும்வரை நடப்பேன். சரிவில் இரண்டு பேர் இயந்திரக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டிப் போவதைப் பார்ப்பேன். நம் ஊருக்கு வாழ்வுச் சான்று அனுப்பும் மாதம் வந்தால் கொஞ்சம் சுறுசுறுப்பு. நான் உயிரோடிருக்கிறேன் என்று நானே சொன்னால் செல்லாது, இன்னொருவர் சொல்ல வேண்டும். அவரும் உயிரோடிருக்கிறார் என்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

சுகமான வாழ்க்கைதான். மருமகள் என் முன்னால் ஒரு புகைப்படத்தை வைக்கும்வரை, அதில் எனக்கு ஒரு துறை மட்டும் இல்லாமல் இருந்தது.

3

மருமகள் கோகிலவாணி இந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இப்போது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. செந்தில் அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தொலைபேசியில் அறிவித்தபோது விசாலம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கோகிலாவே போன் செய்து, "அத்தை, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். விசாலம் பசியாறினாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு கோகிலா ஈப்போவுக்குப் போய்ச் சுண்ணாம்புக் குன்றுகளில் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அங்க யாரும் என்னை டீச்சர்னு கூப்பிட மாட்டாங்க மாமா" என்றாள். போதுமான காரணமாகத் தோன்றியது.

ஒரு நாள் காலையில் தேநீரோடு கைபேசியை என் பக்கம் தள்ளினாள். பாறை ஏறுகிறவர்களின் குழு ஒன்று அதில் இருந்தது. தினமும் யாராவது ஒரு பாறையின் படத்தைப் போடுவார்கள், பெயர் சொல்லமாட்டார்கள். எந்தப் பாறை, அதில் எந்தப் பாதை என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். பாதை என்றால் மண் பாதை அல்ல. செங்குத்தான கல்லில் கீழிருந்து மேலே இடைவெளி விட்டு எஃகு வளையங்கள் அடித்திருப்பார்கள். அந்த வளையங்களைத் தொடர்ந்து போனால் அது ஒரு பாதை. முதலில் ஏறியவர் அதற்குப் பெயர் வைப்பார். ரொட்டி சானாய் (இங்கத்துப் பரோட்டா), கருப்புப் பூனை, மாமியார் வீடு என்றெல்லாம் இருக்கின்றன.

"சும்மா ஒரு கெஸ் அடிங்க லா மாமா. படம் பூரா கல்லு, எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு" என்றாள்.

எனக்கு அப்படி இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பில்லில் இருக்கும் கையொப்பத்தையும் கோப்பில் இருக்கும் மாதிரிக் கையொப்பத்தையும் அருகருகே வைத்து, ஒருவருடையதுதானா என்று பார்த்தேன். எழுத்தைப் படிக்கக் கூடாது. பேனா எங்கே தயங்குகிறது, எங்கே தூக்கப்படுகிறது, எங்கே திரும்பும்போது அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். பாறையும் அப்படித்தான். மழைநீர் வழிந்த கருப்புக் கோடு, மாட்டு மடி போலத் தொங்கும் கல், ஏறியவர்கள் கையில் பூசிய வெள்ளைப் பொடியின் தடம் எல்லாம் சேர்ந்து ஒரு கையொப்பம். மாதிரிகளுக்கு அவர்களுடைய பாதைப் பட்டியலே இருந்தது.

முதல் ஊகமே சரியாக இருந்தது. அன்று மாலை கோகிலா என்னையும் குழுவில் சேர்த்துவிட்டாள். சில மாதங்களில் 'அங்கிள் கேமரன்' என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. குழுவின் விதிகளை முழுவதும் படித்த ஒரே உறுப்பினர் நான்தான் என்று நிர்வாகியே ஒப்புக்கொண்டார். அவற்றை எழுதியவரே முழுவதும் படித்ததில்லை என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

விசாலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊர்ல மாடிப்படி ஏறச் சொன்னா முட்டி வலிக்குதும்பீங்க. இப்ப மருமகளுக்கு மலை ஏறச் சொல்லிக் குடுக்கறீங்க. கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கத்தான் செய்றாங்க அத்தை. ஆனா மாமா சொன்னா கரெக்டா இருக்கு, அதான் அவனுங்களுக்குக் கடுப்பு" என்றாள் கோகிலா.

4

அதுவரை கோகிலா ஏறியதெல்லாம் மேலே ஏற்கெனவே மாட்டிய கயிற்றில். கை நழுவினால் அங்கேயே தொங்கலாம். அடுத்த நிலை, கயிற்றைத் தானே இடுப்பில் கட்டி எடுத்துக்கொண்டு போய், வழியில் ஒவ்வொரு வளையத்திலும் மாட்டிக்கொண்டே ஏறுவது. இதில் ஒரு விஷயம் உண்டு. முதல் வளையத்தில் மாட்டும்வரை அந்தக் கயிறு வெறும் அலங்காரம். அதற்கு முன் விழுந்தால் தரைதான்.

முதல் முறையாக அப்படி ஏற அவள் தேர்ந்தெடுத்தது ரொட்டி சானாய். எளிய பாதை, முதல் வளையம் தலை உயரத்திலேயே இருப்பதாகச் சொன்னார்கள். பட்டியலை நிர்வாகி அப்போதுதான் புதிய படங்களோடு திருத்தி வெளியிட்டிருந்தார். மூன்று வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவளும் உட்கார்ந்தோம். இடது கை இங்கே, வலது கால் அந்த வெள்ளைத் தடத்தில், மடிக்கல்லைக் கட்டிப்பிடித்து மேலே, என்று நான் படிக்கப் படிக்க அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையையும் காலையும் காற்றில் நீட்டுவாள். யாழினி எங்களைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மூன்றாவது வாரம், வேறு வேலையாக, குழுவின் பழைய படங்களைப் புரட்டினேன். ரொட்டி சானாயில் ஏறியவர்கள் போட்ட படங்கள் பல இருந்தன. எல்லாவற்றிலும் மடிக்கல் ஏறுகிறவருக்கு வலப்பக்கம். எங்கள் மேசையில் இருந்த படத்தில் இடப்பக்கம்.

கண்ணாடி பார்ப்பதுபோல் படம் திரும்பியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை, ஏறுகிறவருடைய சட்டையில் எழுத்து நேராகத்தான் இருந்தது. பிறகு பக்கத்துப் பாதையின் படத்தை எடுத்தேன். மடிக்கல் வலப்பக்கம். ஒரே கல், இரண்டு பாதைகளுக்கும் நடுவில். இடமிருந்து பார்த்தால் வலம், வலமிருந்து பார்த்தால் இடம். புதிய பட்டியலில் இரண்டு படங்களும் பெயர் மாறிக்கிடந்தன. மூன்று வாரமாக நாங்கள் மனப்பாடம் செய்தது ரொட்டி சானாயை அல்ல, கருப்புப் பூனையை. அதில் முதல் வளையம் எங்கே என்று படத்தில் தெரியவில்லை. கீழ்ப்பகுதியை ஒரு வாழையிலை மறைத்திருந்தது. ஆனால் பழைய உரையாடலில் ஒருவன், பூனையின் முதல் வளையத்துக்குப் போவதற்குள் கணுக்காலை உடைத்துக்கொண்டதைப் பெருமையாக எழுதியிருந்தான்.

அன்றே விதி எட்டின்கீழ் ஆட்சேபம் அனுப்பினேன். சான்றுப் படங்களை இணைத்தேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பதில் இல்லை. நிர்வாகி தாய்லாந்தில் ஏதோ ஒரு தீவில் பாறை ஏறிக்கொண்டிருப்பதாகவும் அங்கே லைன் கிடைக்காது என்றும் யாரோ எழுதினார்கள். பொறுப்பு அலுவலர் யார் என்று கேட்டேன். 'அங்கிள், ரிலேக்ஸ் லா' என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டார்கள்.

கோகிலாவிடம் சொன்னேன்.

"மாமா, பட்டியல் தப்பா இருக்குமா? அவன் அங்கேயே கெடக்கறவன்."

"நான் மாவட்டக் கருவூலத்திலேயே கிடந்தவன். அங்கேயும் தப்பு இருந்தது."

"இருக்கலாம் லா. ஆனா நீங்க அந்தப் பாறைய நேர்ல பாத்ததே இல்லையே."

இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்" என்றேன்.

5

விசாலம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "விழுந்தா போன் பண்ணுங்க. விழலைன்னாலும் பண்ணுங்க" என்றாள். செந்தில் தூக்கம் கலையாமல் "ஜாக்கிரதை பா" என்றான். நந்தி லா சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கம்போங் ராஜா வழியாக இறங்கினோம். கோகிலாவின் தோழி மெய் லிங் ஈப்போவில் காத்திருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை. கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவள் அவள்தான். இருவருக்கும் அந்தக் குன்று புதிது.

ரப்பர் மரங்களைத் தாண்டி, ஒரு வாய்க்காலைத் தாண்டி, பாறையின் அடியில் போய் நின்றோம். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

நூறு படங்களில் பார்த்த பாறை. அதன் ஒவ்வொரு கறையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அடியில் நின்றால் அது மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. ஓரம் இல்லை, சட்டம் இல்லை. மடிக்கல்லைத் தேடினேன். மடி போல நாற்பது கல் தொங்கின. கழுத்து வலித்தது.

"அங்கிள், எது?" என்று மெய் லிங் மரியாதையாகக் கேட்டாள்.

கோகிலா இடுப்பில் கயிற்றைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். "சொன்னேன்ல" என்று அவள் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். அவள் பாட்டுக்குப் படத்தில் இருந்த வாழை மரத்தைக் கண்டுபிடித்து அதன் அருகே போனாள். இலையை ஒதுக்கி, பாறையில் கையை வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன்.

வந்த வழியே திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, ஒரு காய்கறித் தோட்டத்தின் ஓரம்வரை நடந்தேன். கைபேசியை எடுத்து முழுப் பாறையையும் ஒரு படம் பிடித்தேன். பிறகு பாறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, படத்தைப் பார்த்தேன்.

இதோ, கையொப்பம். கருப்புக் கோடு, தயக்கம், மடிக்கல். கோகிலா ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றுகொண்டிருந்தாள். மடிக்கல்லுக்கு வலப்பக்கத்தில். பூனையின் காலடியில்.

இந்த வயதில் ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஓடினேன். "மேலே பார், முதல் வளையத்தைப் பார்" என்று கத்தினேன். மெய் லிங் பின்னால் நகர்ந்து பார்த்தாள். வளையம் நம் பழைய அலுவலகத்து முதல் மாடி சன்னல் உயரத்தில் இருந்தது. கீழே தரை முழுக்கக் கூர்மையான கல்.

"அய்யோ" என்றாள் மெய் லிங். அந்தச் சொல் இங்கே எல்லா இனத்தாருக்கும் பொது.

ரொட்டி சானாய் பத்தடி தள்ளி இடப்பக்கம் சாதுவாக இருந்தது. தலை உயரத்தில் வளையம். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கோகிலா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பக்கத்துப் பாறைய எனக்குத் தெரியவே தெரியாது. மூணு வாரமா கனவுல ஏறுனது இதத்தானே?"

"இது கடினம்மா."

"கஷ்டம்னு தெரியாமத்தானே மனப்பாடம் பண்ணேன்." மெய் லிங்கிடம் திரும்பி, "முதல் வளையத்துல மட்டும் கயிறு மாட்டியிருந்தா, ஓகே தானே?" என்று கேட்டாள்.

நீளமான கழி இருந்தால் கீழிருந்தே கொக்கியை வளையத்தில் மாட்டிவிடலாம், கயிறு அதன் வழியாக ஓடும் என்றாள் மெய் லிங். குழுவின் கழி நிர்வாகியின் வீட்டில் இருந்தது.

காய்கறித் தோட்டத்தில் பயற்றங்கொடிக்கு மூங்கில் நட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். மறுபடியும் வாய்க்கால். வயதான சீன அம்மாள் ஒருவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த மலாயை எல்லாம் திரட்டி, மதிப்பிற்குரிய அம்மையாரிடம் ஒரு மூங்கிலைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்ள விண்ணப்பதாரர் அனுமதி கோருவதாகத் தெரிவித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூங்கிலு ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்று தமிழில் கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவராம். "திருப்பிக் கொண்டாந்து வச்சிரணும், ஆமா."

6

இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் கொக்கியை ஒட்டி, மெய் லிங் மாட்டுவதற்குள் அரை மணி நேரம் ஆனது. பிறகு கோகிலா ஏறினாள்.

நான் வாய்க்கால் ஓரத்துக்கே போய்விட்டேன். அங்கிருந்துதான் எனக்குப் படிக்க வரும். கைபேசித் திரையில் அவளைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இடது கை, வெள்ளைத் தடம் என்று கத்தினேன். சாப்பாட்டு மேசையில் காற்றில் நீட்டிய கை இப்போது கல்லைப் பிடித்தது. மடிக்கல்லில் இரண்டு முறை நழுவினாள். இரண்டு முறையும் கயிறு பிடித்தது. என் நெஞ்சு மூன்று முறை நழுவியது. மூன்றாவது முயற்சியில் கல்லைக் கட்டிப்பிடித்து, தாண்டி, நான்காவது வளையத்தில் மாட்டினாள்.

அங்கே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"மாமா! இதுக்கு மேல என்ன?"

நான் மேசையில் இருந்த அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன். அது அந்த வளையத்தோடு வெட்டப்பட்டிருந்தது.

"படத்துல இல்லம்மா!" என்று கத்தினேன்.

பக்கத்தில் களை பிடுங்குவதை நிறுத்திவிட்டு அந்தச் சீன அம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நானே பாத்துக்கறேன் லா!" என்று மேலிருந்து குரல் வந்தது.

கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வெறும் கண்ணால் பார்த்தேன். எங்கே கை வைக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு முறை விழுந்தாள், தொங்கினாள், எதையோ திட்டினாள், மறுபடி ஏறினாள். கடைசி வளையத்தில் மாட்டியபோது அவள் போட்ட சத்தத்தில் பாறை இடுக்கிலிருந்து குருவிகள் கிளம்பின.

இறங்கி வந்தபோது விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையாலேயே புளிச்சோறு சாப்பிட்டாள். மூங்கிலை நான் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். விசாலத்துக்கு போன் செய்து, விழுந்தாள், ஆனால் விழவில்லை என்று சொன்னேன்.

7

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மெய் லிங், கோகிலா மேலே தொங்கும் படம் ஒன்றைக் குழுவில் போட்டாள்.

உடனே பதில்கள் வந்தன. எல்லோரும் பட்டியலைப் பார்த்தார்கள், எல்லோரும் 'ரொட்டி சானாய்' என்றார்கள். இல்லை, கருப்புப் பூனை என்றாள் மெய் லிங். பட்டியலில் ரொட்டி சானாய் என்றுதானே இருக்கிறது என்றார்கள். விதி இரண்டின்படி பட்டியலே இறுதியானது. படம் எடுக்கும்போது உடன் இருந்தவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி ஐந்து, எனவே நான் வாயைத் திறக்க முடியாது. யாரோ ஒருவன், 'ரொட்டி சானாய் சுலபம், சின்னப் பிள்ளைகளும் ஏறும், வாழ்த்துகள் டீச்சர்' என்று எழுதினான். அங்கேயும் டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

"பரவால்ல லா மாமா. நமக்குத் தெரியும்ல" என்றாள் கோகிலா. சொல்லிவிட்டுக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். வழக்கமாக அவள் அதைக் கவிழ்த்து வைப்பதில்லை.

இரண்டாம் நினைவூட்டை அனுப்பினேன். மூன்றாவதை அனுப்பினேன். அதில் வாய்க்கால் ஓரத்தில் நான் எடுத்த படத்தை இணைத்து, இரண்டு பாதைகளையும் கோடு போட்டுக் காட்டி, மடிக்கல்லை வட்டமிட்டு, ஆட்சேபதாரர் நேரில் களஆய்வு செய்திருக்கிறார் என்பதையும் குறிப்பிட்டேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் எழுதியவற்றில் மிகச் சுத்தமான குறிப்பு அதுதான்.

அதன் பிறகு காலைத் தேநீர் கொண்டு வரும்போதெல்லாம் கோகிலா என் கைபேசியை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். விசாலம்தான் பொறுக்காமல், "அந்தப் பய எப்பத்தான் கரை ஏறுவான்?" என்று கேட்டாள். இப்போது அவளும் எங்கள் கட்சி.

கடைசியில் பதில் வந்தபோது கோகிலா பள்ளிக்குப் போயிருந்தாள். நிர்வாகி மலாயில் எழுதியிருந்தார். மன்னிப்பு இல்லை, கடித எண் இல்லை, தேதிகூட இல்லை. தமிழில் இவ்வளவுதான்: 'அங்கிள் சொல்றது சரி. ரெண்டு படமும் மாறிப்போச்சு. மாத்திட்டேன். டீச்சர் ஏறினது பூனைதான்.'

ஏழு ஆண்டுகளில் பள்ளிக்கூடத்துக்கு நான் போன் செய்ததே இல்லை. அலுவலகத்தில் எடுத்தவர் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்க் கோகிலாவை வகுப்பிலிருந்து அழைத்துவந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"வந்துருச்சா மாமா?" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்.

வந்துவிட்டது. ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, முதல் பாடவேளை.